டார்கெட் தவறிய பிறகு வரும் பத்து நிமிடம்: பனியன் யூனிட்டில் நல்ல வேலைச் சூழலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இது: திருப்பூரில் நான்கு தையல் லைன், சுமார் 150 பேர் உள்ள ஏற்றுமதி யூனிட். சம்பளம் அக்கம்பக்கத்தைவிடக் குறைவில்லை. ஆனாலும் ஆட்கள் நிற்பதில்லை. லைனில் எப்போதும் கத்தல். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை. வெளியிலிருந்து ஒருவரை அழைத்து சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி வகுப்பும் எடுத்தாயிற்று, மாற்றமில்லை. மேனேஜ்மென்ட் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

சூப்பர்வைசரிடம் தொடங்க வேண்டாம். கத்துகிறவர் அவர்தான், ஆனால் அந்தக் கத்தல் அவரிடம் பிறப்பதில்லை. ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர், சரக்கை வாங்கும் பையரிடம் ஒரு தேதி சொல்லிவிடுகிறார். சாயமேற்றும் டையிங்கிலிருந்து துணி நான்கு நாள் தாமதமாக வருகிறது. ஷிப்மெண்ட் தேதி மட்டும் நகர்வதில்லை. தொலைந்த நான்கு நாளும் படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் "மணிக்கு நூறு பீஸ்" என்ற டார்கெட்டாக சூப்பர்வைசர் தலையில் விழுகிறது. துணியை வரவழைக்கவோ தேதியைத் தள்ளவோ ஆளைக் கூட்டவோ அவருக்கு அதிகாரமில்லை. கையில் இருப்பது குரல் மட்டும். வகுப்பில் பொறுமையைப் பற்றி எவ்வளவு கேட்டுவிட்டு வந்தாலும், மாலை நான்கு மணிக்கு மேனேஜர் போனில் "இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்டதும் பழைய குரல் திரும்பிவிடும்.

டார்கெட் தவறிய பிறகு வரும் பத்து நிமிடத்தில் யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்பதை வைத்தே ஒரு யூனிட்டின் வேலைச் சூழலைச் சொல்லிவிடலாம். அந்தப் பத்து நிமிடத்தை மாற்றும் அதிகாரம் முதலாளிக்கும் பேக்டரி மேனேஜருக்கும்தான் உண்டு. எனவே முதல் வேலை உங்களுடையது: நீங்கள் கொடுக்கும் டார்கெட் நடக்கக்கூடியதா என்று பாருங்கள்.

கணக்கு எளிது. லைனில் 24 மெஷின், ஒரு பீஸுக்கான மொத்தத் தையல் நேரம் 8 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் இருப்பது 24 × 60 = 1,440 நிமிடம். நூறு சதவீதத் திறனில் ஓடினால் 180 பீஸ். எந்த லைனும் அப்படி ஓடாது. நன்றாகப் பழகிய ஸ்டைலில் 50 சதவீதம் என்றால் 90 பீஸ். புது ஸ்டைல் ஏறிய முதல் நாளில் டைலர்கள் கை பழகவே நேரமாகும், 25 முதல் 30 சதவீதம் வந்தாலே சரி. அது மணிக்கு 45 முதல் 54 பீஸ். முதல் நாள் காலையிலேயே போர்டில் 100 என்று எழுதினால், அன்று முழுக்க ஒவ்வொரு மணியும் தோல்வி என்று நீங்களே எழுதி வைத்துவிட்டீர்கள். முதல் நாள் 45, இரண்டாம் நாள் 60, மூன்றாம் நாள் 75, பிறகு 90 என்று ஏறும் டார்கெட்டைத் திட்டத்திலேயே வையுங்கள். அதற்கேற்ற தேதியைத்தான் மெர்ச்சண்டைசர் பையரிடம் சொல்ல வேண்டும். தேதி ஒப்புக்கொள்ளும் முன் புரொடக்ஷன் பொறுப்பாளரின் கையெழுத்து வேண்டும் என்ற ஒரே விதி, பத்துப் பயிற்சி வகுப்புகளைவிட லைனில் சத்தத்தைக் குறைக்கும். இதை மெர்ச்சண்டைசிங் பக்கம் விரும்ப மாட்டார்கள். ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்பார்கள். சில ஆர்டர் போகவும் செய்யும். அதை ஏற்கத் தயாரா என்பதை முதலாளி முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த முடிவு இல்லாமல் கீழே சொல்லப்போகும் எதுவும் நிலைக்காது.

அடுத்தது காலைக் கூட்டம். கட்டிங், ஸ்டோர், தையல், குவாலிட்டி, மெக்கானிக் ஆகிய ஐந்து பொறுப்பாளர்களும் மேனேஜரும், நின்றபடியே, பத்து நிமிடம். பெரும்பாலான யூனிட்களில் இந்தக் கூட்டம் "நேற்று ஏன் குறைந்தது?" என்று தொடங்கும். அந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். அதற்குப் பதிலாக "இன்று லைனை எது நிறுத்தும்?" என்று தொடங்குங்கள். நூல் நிறம் பொருந்தவில்லை, மூன்றாவது லைனில் இரண்டு பேட்லாக் மெஷின் டைலர் வரவில்லை, லேபிள் இன்னும் வந்து சேரவில்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு நேரம். முன்கூட்டிச் சொன்னவரிடம் கோபப்படாதீர்கள், மறைத்தவரிடம் மட்டும் விளக்கம் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கெட்ட செய்தியைக் கொண்டு வந்த முதல் ஆளை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று முகம் சுளித்தால்கூட அடுத்த மூன்று மாதம் எல்லாமே "ஓகே சார்"தான்.

மணிக்கணக்குப் போர்டு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். டார்கெட், எடுத்தது, வித்தியாசம் என்று மூன்று கட்டம் இருக்கும். நான்காவதாக "காரணம்" என்று ஒரு கட்டம் போடுங்கள், ஐந்தாவதாக "யார் சரிசெய்வது". காரணத்தை சூப்பர்வைசர் ஒரே வரியில் எழுதட்டும்: "காலர் பண்டல் 25 நிமிடம் வரவில்லை", "ஊசி மூன்று முறை உடைந்தது". ஐந்தாவது கட்டத்தில் பெயர் உள்ளவர் அடுத்த மணி அடிப்பதற்குள் லைனுக்கு வந்து நிற்க வேண்டும். போர்டு பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: எல்லா மணியிலும் டார்கெட்டை ஒட்டியே எண் வந்தால், யாரோ ஒரு மணியின் பீஸை அடுத்த மணிக்கு ஒளித்து வைக்கிறார்கள். உண்மையான லைன் ஏறி இறங்கித்தான் ஓடும். பொய் எண்ணைப் பார்த்ததும் சூப்பர்வைசரைப் பிடிக்காதீர்கள். உண்மையை எழுதினால் என்ன நடக்கும் என்று அவர் பயப்படுகிறார், அதைக் கேளுங்கள்.

தலைமை மாறினால் அதே ஆட்கள் வேறு மாதிரி வேலை செய்வார்கள் என்பதற்கு வாகனத் தொழிலில் தெளிவான சான்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆலை ஒன்று இருந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராமலிருப்பது அங்கே சாதாரணம். தொழிற்சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் தீராத பகை. 1982-ல் அதை மூடிவிட்டார்கள். 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதே கட்டடத்தில் நம்மி என்ற பெயரில் ஆலையைத் திறந்தன. பெரும்பாலோர் பழைய தொழிலாளர்கள், சங்கமும் அதேதான். வராதவர் எண்ணிக்கை நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர் என்ற அளவுக்கு இறங்கியது. குறை கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம், குழுத் தலைவர் ஓடி வந்து உதவுவார், சரியாகாவிட்டால் லைன் நிற்கும் என்பது அங்கே நடைமுறை. பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் வேறு சில ஆலைகள் கயிற்றை மட்டும் கொண்டுபோய்க் கட்டின. லைனை நிறுத்தியவரை அங்கிருந்த மேலாளர்கள் திட்டினார்கள், கயிறு சும்மா தொங்கியது. உங்கள் யூனிட்டில் கயிறு தேவையில்லை, மெஷினுக்கு மேல் ஒரு சிவப்புக் கொடியோ விளக்கோ போதும். கொடி ஏறியதும் சூப்பர்வைசர் இரண்டு நிமிடத்துக்குள் அங்கே வந்து, முதல் வார்த்தையாக "என்ன பிரச்சினை?" என்று கேட்க வேண்டும். "ஏன் நிறுத்தினாய்?" என்று ஆரம்பித்தால் மறுநாள் கொடி ஏறாது, குறையுள்ள பீஸ் மட்டும் செக்கிங் டேபிளில் குவியும்.

இப்போது சூப்பர்வைசர். அவர் பெரும்பாலும் யூனிட்டின் மிகச் சிறந்த டைலராக இருந்து உயர்ந்தவர். நன்றாகத் தைக்கத் தெரியும், கற்றுக்கொடுக்கத் தெரியாது. அவருக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் புது ஆட்களை விரைவாகப் பழக்க ஒரு பயிற்சி முறை உருவானது. போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவில் ஊன்றியது. அதன் நான்கு படிகள் தையல் லைனுக்கு அப்படியே பொருந்தும். முதலில் ஆளைத் தயார் செய்வது: பெயர் கேட்டு, இதற்கு முன் என்ன தைத்திருக்கிறார் என்று கேட்டு, பயத்தைப் போக்குவது. இரண்டாவது, மெதுவாகத் தைத்துக் காட்டி முக்கியமான இடங்களையும் காரணத்தையும் சொல்வது: "இங்கே துணியை இழுக்கக் கூடாது, இழுத்தால் துவைத்த பிறகு அலை அலையாக வரும்." மூன்றாவது, அவரைத் தைக்கவிட்டு, தைக்கும்போதே காரணத்தை அவர் வாயால் சொல்ல வைப்பது. நான்காவது, தனியாக விட்டு, அரை மணியில் ஒருமுறை, இரண்டு மணியில் ஒருமுறை வந்து பார்ப்பது. தொழிலாளி கற்கவில்லை என்றால் பயிற்றுநர் கற்பிக்கவில்லை என்பது அந்த முறையின் அடிப்படை விதி. ஒரு சூப்பர்வைசரை இதில் பழக்க, நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று ஐந்து நாள் போதும். வகுப்பறையில் வேண்டாம், மெஷின் முன்னாலேயே நடத்துங்கள்.

தப்பைத் திருத்துவதற்கும் ஒரு முறை வையுங்கள். பக்கத்தில் போய், பீஸைக் கையில் கொடுத்து, முதலில் மெஷினைச் சந்தேகப்பட வேண்டும்: ஊசி மழுங்கியதா, நூல் இறுக்கம் கூடியதா, கட்டிங்கில் அளவு தவறியதா? அதற்குப் பிறகே கையைப் பார்ப்பது. அடுத்த ஐந்து பீஸ் வரை கூடவே நிற்பது. மைக்கில் பெயர் சொல்லித் திட்டுவது, பீஸை முகத்துக்கு முன் வீசுவது, ஊரையோ சாதியையோ உடலையோ இழுத்துப் பேசுவது, இந்த மூன்றுக்கும் மன்னிப்பில்லை என்று எழுதி ஒட்டுங்கள். முதல் தடவை எழுத்து எச்சரிக்கை, இரண்டாவது தடவை லைன் பொறுப்பிலிருந்து விலக்கம். அதிகம் உற்பத்தி எடுத்துத் தரும் சூப்பர்வைசரிடம்தான் இந்த விதி சோதிக்கப்படும். அவரை விட்டுவிட்டால் விதி இல்லை என்றே 150 பேரும் எடுத்துக்கொள்வார்கள்.

சூப்பர்வைசரின் ஊக்கத்தொகையையும் மாற்றுங்கள். பீஸ் எண்ணிக்கைக்கு மட்டும் பணம் கொடுத்தால் பீஸ் மட்டும்தான் வரும். பாதி உற்பத்திக்கு, கால் பங்கு ஆல்ட்டர் (திருத்தத்துக்குத் திரும்பும் பீஸ்) குறைந்ததற்கு, கால் பங்கு தன் லைனில் ஆட்கள் வேலையை விடாமல் நிலைத்ததற்கு என்று பிரித்தால் அவர் கவனம் தானாகத் திரும்பும்.

கழிப்பறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பல யூனிட்களின் உண்மை முகம் அங்கேதான் தெரிகிறது. லைனுக்கு ஒரு டோக்கன், அது திரும்பி வந்தால்தான் அடுத்தவர் எழலாம் என்ற ஏற்பாடு இன்னும் இருக்கிறது. விளைவு: பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். சிறுநீர்த் தொற்று, தலைசுற்றல், லீவு என்று அது திரும்பி வரும். டோக்கனை எடுத்தால் லைன் நின்றுவிடும் என்பவர்களுக்குக் கணக்கு: 24 பேர், ஆளுக்கு இரண்டு முறை, முறைக்கு 7 நிமிடம். மொத்தம் 336 நிமிடம், ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அதாவது ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மூன்று மெஷினும் தெரிந்த ஒரே ஒரு மாற்று டைலர் இருந்தால் எட்டு மணி நேரத்துக்கு மொத்த லைனையும் சமாளிக்கலாம். வராதவர் இடத்தையும் மீதி நேரத்தில் அவரே ஓரளவு நிரப்புவார். லைனுக்கு ஒருவர், மொத்தம் நான்கு பேரின் சம்பளம். ஆட்கள் ஓடிப்போய்ப் புது ஆளைப் பழக்கும் செலவுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சம்பளத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் விவாதத்துக்கு இடமில்லை. வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு சட்டப்படி இரட்டிப்புக் கூலி. சனிக்கிழமைச் சம்பளம் சனிக்கிழமையே. ஓவர்டைம் கணக்கைச் சீட்டாக வியாழன் மாலையே கையில் கொடுத்தால், தவறை வெள்ளிக்கிழமை திருத்திவிடலாம், சனிக்கிழமை ஜன்னல் முன் சண்டை வராது. ஒன்றரை ஷிப்ட் ஓட வேண்டுமென்றால் அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன் சொல்ல வேண்டும், முடியாது என்பவரை மறுநாள் வேறு மெஷினுக்கு மாற்றிப் பழிவாங்கக் கூடாது. பள்ளியிலிருந்து குழந்தையை யார் கூட்டி வருவது என்பதை ஒரு தாய் மாலை ஆறு மணிக்கு முடிவு செய்ய முடியாது.

புகார்ப் பெட்டி ஏன் காலியாக இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். அலுவலக வாசலில், கேமராவுக்குக் கீழே, சாவி ஹெச்.ஆர். கையில் இருக்கும் பெட்டியில் யார் காகிதம் போடுவார்கள்? கழிப்பறைக்குப் போகும் வழியில் வையுங்கள். வாரம் ஒருநாள், தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் முன்னிலையில் திறங்கள். ஏழு நாளுக்குள் பதிலைப் போர்டில் ஒட்டுங்கள், பதில் "இப்போது முடியாது, காரணம் இது" என்று இருந்தாலும் சரி. எழுதத் தெரியாதவர்களுக்கு ஒரு போன் எண் வேண்டும், எடுப்பவர் உற்பத்தித் துறையைச் சேராதவராக இருக்க வேண்டும்.

பாலியல் துன்புறுத்தலுக்குப் பெட்டி போதாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைவர் மூத்த நிலையிலுள்ள பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து தொண்டு நிறுவனம் சார்ந்த ஒருவர். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும், அறிக்கை வந்த 60 நாளுக்குள் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். பல யூனிட்களில் இது பையர் ஆடிட்டுக்காகச் சுவரில் ஒட்டிய பெயர்ப் பட்டியலாகவே இருக்கிறது. சோதிக்க ஒரு வழி: லைனில் எந்தப் பெண்ணிடமும் "குழுவில் யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். பத்தில் எட்டுப் பேர் இரண்டு பெயராவது சொல்ல வேண்டும்.

இதன் தீவிரத்தை இந்தப் பகுதி நேரிலேயே கண்டிருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு இளம்பெண் கொலை செய்யப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். அதன் பின் 2022-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஒன்றும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகளும், அந்தத் தொழிற்சாலையை நடத்தும் நிறுவனமும், பெரிய வெளிநாட்டு பிராண்டுகளும் சேர்ந்து திண்டுக்கல் உடன்பாட்டை உருவாக்கின. லைனில் வேலை செய்பவர்களையே கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்து, திட்டுதலாக இருக்கும்போதே பிரச்சினையைப் பிடிப்பது அதன் முக்கியமான அம்சம். சிறிய யூனிட்டும் அதை எடுத்துக்கொள்ளலாம். லைனுக்கு ஒரு பெண், மேனேஜ்மென்ட் நியமிக்காமல் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்தவர், மாதம் ஒருமுறை மேனேஜரைச் சம்பள நேரத்திலேயே சந்திக்கும் உரிமையுடன்.

புகார் செய்தவர் மீதான பழிவாங்கல் நேரடியாக வராது. கடினமான ஆபரேஷன் வரும், ஓவர்டைம் நிறுத்தப்படும், ஹாஸ்டலில் வெளியே போக அனுமதி கிடைக்காது. எனவே புகாருக்குப் பிந்தைய மூன்று மாதம் அந்த ஆளின் மெஷின், வருகை, சம்பளத்தை மேனேஜர் தானே வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தீபாவளிக்குப் போனவர்கள் திரும்பாத விஷயத்துக்கு வருவோம். உங்கள் ஆட்களில் பீகார், ஜார்கண்ட்காரர்கள் இருந்தால், தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சத் பூஜை. அவர்கள் வீட்டில் அதுதான் பெரிய திருவிழா. ரயிலில் போக வரவே நான்கைந்து நாள் ஆகிவிடும். ஐந்து நாள் லீவு கொடுத்து அனுப்பினால் லீவு மீறுவது உறுதி. மீறியவர் திட்டுக்குப் பயந்து வேறு யூனிட்டில் சேர்ந்துவிடுவார். சத் முடித்துத் திரும்பும் தேதியை வைத்து 15 முதல் 18 நாள் லீவு கொடுங்கள். யார் தீபாவளிக்கு, யார் பொங்கலுக்கு, யார் துர்கா பூஜைக்கு என்று ஆகஸ்டிலேயே பட்டியல் எடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு டிக்கெட்டையும் அந்தந்தத் தேதிக்கு முன்பதிவு திறக்கும் நாளில் யூனிட்டே எடுத்துக் கொடுக்கலாம். திரும்பும் டிக்கெட் கையில் இருப்பவர் திரும்பி வருவார். அத்துடன் அவர்களிடம் ஏஜென்ட் வழியாக மட்டும் பேசாதீர்கள். இந்தியும் ஒடியாவும் தெரிந்த லைன் லீடர்கள் இருவராவது வேண்டும். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது, தங்கள் மொழியில் நம்பிக்கையாகப் பேச யூனிட்டுக்குள் ஆள் இல்லாத இடங்களில் பயம் வேகமாகப் பரவியது.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்கினால் எதுவும் நிற்காது. முதல் மாதம் டார்கெட் கணக்கு, சம்பளச் சீட்டு, டோக்கன் நீக்கம், காலைக் கூட்டம். இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் காரணக் கட்டம், ஒரே ஒரு லைனில் சூப்பர்வைசர் பயிற்சி. அந்த லைனில் முதல் மூன்று வாரம் உற்பத்தி கொஞ்சம் குறையலாம்: அதுவரை மறைத்த நிறுத்தங்கள் வெளியே தெரியும், குறையுள்ள பீஸ் அங்கேயே நிற்கும். முதலாளி பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான். அந்த வாரங்களில் பீஸ் எண்ணிக்கையோடு ஆல்ட்டர் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

ஷிப்மெண்ட் வாரம் வரும்போது இதெல்லாம் காற்றில் போகும் என்பதால், அதற்கான விதியை அமைதியான நாளிலேயே எழுதி வையுங்கள். தேதி தவறும் என்று தெரிந்த அன்றே பையருக்குச் சொல்வது, பாதி சரக்கை முதலில் அனுப்பக் கேட்பது, பையர் அனுமதித்தால் ஒரு பகுதியை வெளி யூனிட்டுக்கு ஜாப் ஒர்க்காகக் கொடுப்பது, ஞாயிறு வேலை விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். அந்த வாரம் முதலாளி லைனுக்கு வந்தால் சூப்பர்வைசரிடம் எண் கேட்கக் கூடாது. எது தடுக்கிறது என்று கேட்டு, அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அளக்க மூன்று எண் போதும், மூன்றையும் லைன் வாரியாக எடுங்கள்: சேர்ந்த 30 நாளுக்குள் வேலையை விட்டவர்கள், திங்கட்கிழமை வராதவர்கள், நூறு பீஸுக்கு ஆல்ட்டர் எத்தனை. ஆறு மாதம் கழித்து மூன்று லைனில் எண் இறங்கி ஒரு லைனில் இறங்கவில்லை என்றால், அந்த லைனில் வேலையை விட்டுப்போனவர்களில் ஐந்து பேருக்கு, உற்பத்திப் பக்கம் இல்லாத ஒருவர் போன் செய்து கேட்கட்டும். வேலையை விட்ட பிறகு மனிதர்கள் மறைக்காமல் சொல்வார்கள். ஐந்தில் மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால், அடுத்த ஷிப்மெண்ட் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.